சான் அமாரோவில் ஒரு கையெழுத்து

1

நாங்கள் குடியிருக்கும் சான் அமாரோ நகரத்துக்கு இந்த ஆண்டு அறுபது நிறைந்தது. நம் ஊரில் மனிதர்களுக்குத்தான் அறுபதாம் கல்யாணம் செய்து பார்த்திருக்கிறேன். இங்கே நகராட்சிக்கே செய்தார்கள். கடற்கரைச் சாலையின் விளக்குக் கம்பங்களில் நீலக் கொடி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அணிவகுப்பு, நூலகத்தில் பழைய புகைப்படங்களின் கண்காட்சி. நகர நூலகத்தில் நான் எட்டு வருடமாகப் பகுதி நேரமாக வேலை செய்கிறேன். கண்காட்சிக்கு வந்த படப் பெட்டிகளைப் பிரித்து, வருட வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் தென்பகுதியில், காய்ந்த மலைத்தொடருக்கும் பசிபிக் கடலுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் சின்ன நகரம். பெரிய நகரத்தில் சம்பாதித்தவர்கள் வந்து வாழும் இடம். தெருக்கள் சுத்தம், பள்ளிகள் நல்ல பள்ளிகள். வீடுகளில் மூன்று சாதி உண்டு: கடல் தெரியும் வீடு, கடல் கேட்கும் வீடு, இரண்டும் இல்லாத வீடு. எங்களுடையது மூன்றாவது. அதை வாங்கவே நானும் என் கணவர் செந்திலும் பத்து வருடம் காத்திருந்தோம்.

பெட்டிகளில் இருந்த ஊர் வேறு. முதல் படங்களில் பனிமூட்டமும் அவரைக் காடுகளும் ஒரு ரயில் நிறுத்தமும் மட்டும். பிறகு எலுமிச்சைத் தோட்டங்கள் வருகின்றன. எலுமிச்சையைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் பெரிய கொட்டகை வருகிறது. அதில் தலையில் துணி கட்டிய பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அப்புறம் நெடுஞ்சாலை போடுகிறார்கள். எலுமிச்சைக்கு விலை போகாமல் தோட்டக்காரர்கள் நிலத்தை விற்கிறார்கள். மரங்களை இயந்திரம் பிடுங்குகிறது. மரம் இருந்த இடத்தில் தெரு வந்து, தெருவுக்கு அந்த மரத்தின் பெயரையே வைக்கிறார்கள். கடைசியில் ஒரு சர்ச் கூடத்தில் கோட்டுப் போட்ட ஆண்கள் கேக் வெட்டும் படம். அன்றைக்குத்தான் இது தனி நகராட்சி ஆனது. முதல் வருடமே இரண்டு விதிகள் போட்டிருக்கிறார்கள். இத்தனை அடிக்குக் குறைந்த மனையில் வீடு கட்டக்கூடாது; இரண்டு மாடிக்கு மேல் எழுப்பக்கூடாது.

ஒரு படத்தை மட்டும் நான் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். எலுமிச்சைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரே சுவரில் ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள். வாசலில் துணி காய்கிறது. பின்பக்கம் பென்சிலில், 'தொழிலாளர் குடியிருப்பு. இடிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. இடித்த வருடம், நகராட்சி உருவானதற்கு அடுத்த வருடம்.

2

எலேனா அதே நூலகத்தில் புத்தகம் கொடுக்கும் மேசையில் இருப்பவர். எனக்கு எட்டு வருடம் முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாகத்தான். நான் கொண்டுபோகும் எலுமிச்சை சாதம் அவருக்குப் பிடிக்கும். மலைக்கு அந்தப் பக்கம், உள்நாட்டில் ஒரு வெயில் ஊரில் வீடு. காலையில் கணவாய் ஏறி இறங்கி வருவார். இந்த ஊரில் பாடம் நடத்துகிறவர்கள், நோயாளியைக் குளிப்பாட்டுகிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். விடியும்போது கணவாயிலிருந்து கார் விளக்குகள் இறங்கிக்கொண்டே இருக்கும். மாலையில் அதே வரிசை திரும்ப ஏறும்.

ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு லிண்டா எங்கள் கதவைத் தட்டினார். நாங்கள் குடிவந்த வாரம் கேக் செய்துகொண்டு வந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். கையில் தன் மரத்து எலுமிச்சை ஒரு பையும், தாள்கள் செருகிய அட்டையும். பழைய எலுமிச்சைக் கொட்டகையை இடித்துவிட்டு மூன்று மாடியில் அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். வண்டி நெரிசலாகும், நிறுத்த இடம் இருக்காது, ஊரின் குணமே மாறிவிடும் என்றார். "குடியிருப்பவர்கள் நாம் சொன்னால்தான் நகர மன்றம் கேட்கும்" என்றார்.

அந்த 'நாம்' எனக்கு இனித்தது. அதை மறைப்பதில் பயனில்லை. தாளை நான் படிக்கவில்லை. பேனாவை வாங்கி என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். எனக்குக் கீழே செந்திலும் போட்டார்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் எலேனா சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அந்தக் கொட்டகை இருக்கிற இடத்துல வீடு கட்டப் போறாங்க, தெரியுமா? இந்த ஊர்ல வேலை செய்யறவங்களுக்காம். டீச்சர், நர்ஸ், நம்மள மாதிரி ஆளுங்க. நான் பேர் குடுத்திருக்கேன்."

நான் டப்பாவை மூடினேன். "நல்லது" என்றேன்.

3

என் பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது இந்த நாட்டுப் படிவங்களுக்குப் புரியாது. முதல் சில வருடங்கள் 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அச்சடித்த அட்டையோடு அலைந்தேன். குடியுரிமை வாங்கும்போது அப்பாவின் பெயரைப் பின்னால் சேர்த்து அதற்கு ஒரு முடிவு கட்டினேன். இப்போது மருத்துவமனையிலும் வங்கியிலும் என்னை 'மிஸ் பொன்னுசாமி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். யார் கூப்பிட்டாலும் அப்பாவைக் கூப்பிடுவது போலவே இருக்கும்.

அப்பா அன்னூர்க்காரர். நீலகிரிக்கு வேலைக்கு வந்து, பிக்கட்டிக்குக் கீழே குந்தா பள்ளத்தைப் பார்த்த சரிவில் இருந்த ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடும் கிளார்க்காக இருந்தார். சுற்று வட்டாரத்தில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்தவர்கள் பச்சை இலையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள். மழை நாளில் ஈரத்துக்கென்று எடையில் கழிவு போட்டால் சண்டை வரும். அப்பா யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். "நீங்களே முள்ளைப் பாருங்க" என்று தராசை விட்டுத் தள்ளி நின்றுகொள்வார்.

ஃபேக்டரிக்குப் பின்னால் வரிசையாக ஆறு வீடுகள். குவார்ட்டர்ஸ் என்போம். எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும். இலை வாட்டும் வாசனை சுவர், போர்வை, என் பாடப் புத்தகம் எல்லாவற்றிலும் ஏறியிருக்கும்.

நான் பிளஸ் டூ படித்த வருடம் தேயிலை விலை விழுந்து கிடந்தது. விலை எழும் எழும் என்று காத்திருந்தவர்கள் பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை என்று இலையைச் செடியிலேயே விட்டார்கள். சிலர் செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார்கள். ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது, பிறகு ஒரு நாள். ஒரு காலையில் அம்மா கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். "ஏனுங்க, வாசனையே இல்லீங்க" என்றார்.

மார்கழியில் மேனேஜர் எங்கள் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"பொன்னுசாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. மொதலாளி வித்துப்போடறதுன்னு முடிவு பண்ணிட்டாருங்க. மாசக் கடைசிக்குள்ள ஊட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க."

"புள்ளைக்கு மார்ச்சுல பரீட்சைங்க. அது முடியற வரைக்குமாச்சும்..."

"எனக்கே இனி ஊடு இல்லீங்க" என்றார் மேனேஜர்.

நாலாவது வீட்டில் மாரியாயி அக்கா இருந்தார். சிறு பிள்ளையாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். செய்தி கேட்டு அவர் அழவில்லை. "அங்க தோட்டத்து லயத்த விட்டு வரக்குள்ள எனக்கு ஒம்பது வயசு. இது ரெண்டாவது தரம்" என்று மட்டும் சொன்னார். குடும்பத்தோடு கூடலூர்ப் பக்கம் போனார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

கடைசி நாள் அப்பா வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார். அம்மாவுக்குக் கோபம். "ஆரு வந்து இருக்கப் போறாங்கன்னு இந்தக் கூத்து?" என்றார். அப்பா மூலையெல்லாம் அடித்து முடித்து, கை கழுவி, சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மாமா இருந்த மேட்டுப்பாளையத்துக்குப் போனோம். பரீட்சை நடந்த மூன்று வாரமும் பிக்கட்டியில் என் வகுப்புத் தோழியின் வீட்டில் தங்கினேன். படுகர் வீடு. அவர்களும் அந்த வருடம் செடியைப் பிடுங்கியிருந்தார்கள். இருந்த ஒரே அறையில் எனக்கும் பாய் போட்டார்கள். அந்தப் பாய் இல்லாவிட்டால் நான் பரீட்சை எழுதியிருக்க முடியாது.

இதில் எதையும் நான் இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. தமிழர்கள் கூடும் இடத்தில் "குன்னூர்ப் பக்கமுங்களா? டீ எஸ்டேட்டா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்பேன். எங்கள் எஸ்டேட் என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நான் திருத்த மாட்டேன். மகள் தாரணி ஐந்தாம் வகுப்பில் 'என் அம்மா வளர்ந்த எங்கள் தேயிலைத் தோட்டம்' என்று கட்டுரை எழுதி, பெரிய பங்களா ஒன்றை வரைந்தாள். அது வகுப்புச் சுவரில் ஒரு வருடம் இருந்தது. அதையும் நான் திருத்தவில்லை.

4

நகர மன்றம் எந்தக் கட்டடத்தைப் பற்றி முடிவு செய்தாலும் அதன் காகிதங்களை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்துப் பொதுமக்கள் பார்க்க நூலகத்தில் வைக்க வேண்டும். கோப்புக்கு முத்திரை போட்டு மேசையில் வைப்பது என் வேலை. அடுக்குமாடியின் கோப்பு ஒரு புதன்கிழமை வந்தது. வரைபடம், வண்டிக் கணக்கு, மர ஆய்வு, கடைசியில் 'எதிர்ப்புத் தெரிவித்த குடியிருப்போர்' என்று பல பக்கம். ஏழாவது பக்கத்தில் கோமதி பொன்னுசாமி. என் கையெழுத்து. என் முகவரி.

கோப்பை மேசைக்கு அடியில் தள்ளினேன். மதியம் வரை அங்கேயே கிடந்தது.

"அந்த ஃபைல் வந்துச்சா?" என்று எலேனா கேட்டார். "இன்னிக்கு வரணுமே."

எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார். தன் வருங்கால வீட்டின் வரைபடத்தில் சமையலறையை விரலால் அளந்தார். பிறகு பின்பக்கம் போனார். நான் புத்தகங்களை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன், அடுக்கியதையே திரும்ப அடுக்கினேன். கோப்பை மூடும் சத்தம் கேட்டது.

"வண்டி நிறுத்த இடம் இல்லாமப் போயிடும்னா?" என்று கேட்டார்.

"நான் படிக்காமல் போட்டுவிட்டேன்."

"உன் பேரை மட்டும் படிச்சுத்தானே எழுதியிருக்க" என்றார். அன்று சாப்பிட அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் அன்பாகத்தான் பேசினார். கையெழுத்தைச் சேர்க்கப் படிவம் இருக்கிறது, திரும்ப எடுக்கப் படிவம் இல்லையாம். கோப்பு வெளிவந்த பிறகு ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. "கூட்டத்தில் பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். நூலக ஊழியராக அல்ல, குடியிருப்பவராக" என்று ஒரு சீட்டைக் கொடுத்தார்.

செந்திலிடம் சொன்னேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"போட்டது போட்டாச்சு, விட்டுரு கோமதி. நாளைக்கு லிண்டா மொகத்துல முழிக்க வேண்டாமா? நம்ம ஊட்டு வெலையும் பாக்கோணுமில்ல."

"எங்கப்பா பேரு அதுல இருக்குதுங்க."

அவர் குழாயை மூடினார். கூட்டத்துக்கு வரவில்லை.

5

மாலை ஆறு மணிக் கூட்டம். மன்றத்தில் இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். பேசும் மேடையில் மூன்று விளக்குகள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. லிண்டா எனக்கு முன்னால் பேசினார். நன்றாகப் பேசினார். தன் இறந்துபோன கணவர் இந்த ஊரை எப்படி நேசித்தார் என்றார். பாதிப் பேர் கை தட்டினார்கள். எலேனா கடைசி வரிசையில் இருந்தார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, குடிமையியல் வகுப்புக்காகக் கூட்டம் பார்க்க வந்த மாணவர்கள். அவர்களுக்கு நடுவே தாரணி. அவள் வருவாள் என்று எனக்குத் தெரியாது.

என் பெயரைத் தப்பாக வாசித்தார்கள். எழுதி வைத்த தாளைப் பிரித்தேன். இந்தியாவில் ஒரு மலையில், தேயிலை விலை விழுந்த வருடம், எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் போய்விட்டது என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

தலைவர் முன்னால் சாய்ந்தார். "மன்னிக்கணும். காசையா சொல்றீங்க?" என்றார். இங்கே குவார்ட்டர் என்றால் கால் டாலர் நாணயம். அவர் கேலி செய்யவில்லை, உண்மையிலேயே புரியவில்லை. பின்னால் சிலர் சிரித்தார்கள்.

"வீடு" என்றேன். "கம்பெனி கொடுத்த வீடு. என் அப்பா அங்கே கிளார்க். எஸ்டேட் எங்களுடையது இல்லை." கடைசி வாக்கியம் தாளில் இல்லை. "வேலை போன மாதமே வீடும் போனது. ஒரு தோழியின் வீட்டில் இடம் கொடுத்ததால்தான் நான் பரீட்சை எழுதினேன். இங்கே எனக்கு வீடு இருக்கிறது. என்னோடு வேலை செய்கிறவருக்கு இந்த ஊரில் வீடு வரக்கூடாது என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏழாவது பக்கம். அதில் இருப்பது என் அப்பாவின் பெயர். அதை..."

சிவப்பு எரிந்தது. "நன்றி, உங்கள் நேரம் முடிந்தது" என்றார் தலைவர். அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

காருக்கு நடக்கும்போது தாரணி தமிழில் பேசினாள். நாங்கள் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை.

"எஸ்டேட் நம்மளுது இல்லையாம்மா?"

"இல்லை."

"அப்பாக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியும்."

"எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றாள். வீடு வரும் வரை கண்ணாடிப் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் மன்றம் திட்டத்தை மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மேட்டுப்பாளையத்தில் மழை, சரியாகக் கேட்கவில்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அந்தப் புள்ளைக்கு ஊடு கெடைச்சுதா கண்ணு?" என்று கேட்டார்.

"இல்லீங்கப்பா."

"செரி, வெச்சுரு" என்றார்.

6

கண்காட்சி நடந்தது. இடித்த குடியிருப்பின் படத்தை எடுத்துவிடலாமா என்று மேற்பார்வையாளர் கேட்டார். வேண்டாம் என்றேன், விட்டுவிட்டார். கேக் வெட்டும் படத்துக்கும் கடற்கரைப் படத்துக்கும் நடுவே அது தொங்கியது. பெரும்பாலோர் நிற்காமல் கடந்து போனார்கள். லிண்டா இப்போதும் காரிலிருந்து கை காட்டுகிறார். கதவைத் தட்டுவதில்லை.

எலேனாவுக்கு அவர் ஊரிலேயே ஒரு பள்ளி நூலகத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. கடைசி நாள் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எட்டு வருஷம் ஒண்ணா சாப்பிட்டோம். அந்தக் கதையை முன்ன பின்ன தெரியாதவங்க கிட்ட மூணு நிமிஷத்துல சொன்ன. எங்கிட்ட ஒரு நாள் சொல்லியிருக்கலாம்."

"உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வரட்டுமா?" என்றேன். எட்டு வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை.

அவர் துணியை மடித்து வைத்தார். "சனிக்கிழமை வேண்டாம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குக் கெளம்பி வா."

தாரணிக்குப் பயிற்சி உரிமம் இருந்தது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஓட்டலாம். அவளே ஓட்டுகிறேன் என்றாள். அந்த மாதத்தில் அவளாக என்னோடு வரச் சம்மதித்த முதல் இடம் அது. கணவாய் அடிவாரத்திலேயே வண்டிகள் நின்றுவிட்டன. நகர்ந்தோம், நின்றோம். முன்னால் போன ஒரு சின்ன லாரியில் புல் வெட்டும் இயந்திரங்களுக்கு நடுவே இரண்டு பேர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார்கள். பக்கத்து வண்டியில் வெள்ளைச் சீருடைப் பெண் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உச்சியில் தாரணி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். கடல் முழுக்கத் தெரிந்தது.

"அவங்க டெய்லி இப்படியா போவாங்க?"

"தினமும். பதினாறு வருடம்."

அவள் தலையாட்டினாள். இறக்கத்தில் காற்று சூடானது. குவார்ட்டர்ஸில் எத்தனை அறை என்று கேட்டாள். இரண்டு என்றேன். குளிருமா, தண்ணீர் எங்கிருந்து வரும், தோழியின் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சாலையைப் பார்த்தபடியே கேட்டாள். நானும் சாலையைப் பார்த்தபடியே சொன்னேன். வண்டி நின்று நின்று போனதால் சொல்ல நேரம் இருந்தது.

எலேனாவின் வீட்டு வாசலில் இறங்கும்போது ஏழு தாண்டியிருந்தது. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், வண்டிச் சாவியோடு நின்ற மகளைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்.

"ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம்" என்றாள் தாரணி.

"பசிச்சிருக்கும்" என்று எலேனா கதவை விட்டு ஒதுங்கி வழிவிட்டார்.